வாங்கோ என்றுதான் சொன்னார்

மாத்தளை
12.05.2024

அன்புள்ள மாமிக்கு,

இதை உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களுக்குக் கேட்பதற்கு நான் கத்த வேண்டும். இந்தச் சங்கதியைக் கத்திச் சொல்ல என்னால் முடியவில்லை. வீடியோவில் என்றால் உங்கள் மகனின் முகத்தைக் கண்டதுமே நீங்கள் அழத் தொடங்குகிறீர்கள். அவரும் "நல்லாத்தான் இருக்கிறன்" என்று கையைக் காட்டிவிட்டு வைத்துவிடுகிறார். "நீ அம்மாவுக்கு எழுது, ஒண்டும் ஒளிக்காதை" என்று என்னிடம் சொன்னதும் அவர்தான்.

கண்டியில் இவ்வளவு நாளும் ஏற்றிய மருந்து இனிப் பலன் தராது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கணையத்தில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்கும் போய்விட்டது. இவர் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு, "இன்னும் எவ்வளவு காலம்?" என்றார். மாதக் கணக்கில் இல்லை, வாரக் கணக்கில் என்றார் டொக்டர். "நோகாமல் இருக்க ஏதும் செய்வீங்களோ?" "அதைக் கட்டாயம் செய்யலாம்." "அப்ப அதைச் செய்யுங்கோ, மற்றதை விடுங்கோ" என்று எழும்பிவிட்டார். வரும் வழியில் வாகனத்தை நிறுத்தச் சொல்லி இளநீர் வாங்கிப் பாதியைக் குடித்துவிட்டு மிச்சத்தை என்னிடம் நீட்டினார். 

வீட்டில் வைத்துப் பார்க்கத்தான் முதலில் நினைத்தேன். ஒரு மத்தியானம் குளியலறையில் விழுந்துவிட்டார். என் ஒருத்தியால் தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மக்கீன் நானா ஓடி வந்து தூக்கினார். நோவு வந்தால் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அதனால் பலாபத்வலையில் இருக்கும் ஹொஸ்பிஸுக்கு அவரைக் கொண்டுபோயிருக்கிறேன். அது ஆஸ்பத்திரி இல்லை, மாமி. நோயை மாற்றும் இடமுமில்லை. நோவைக் குறைத்து, கடைசிவரை ஆளைப் பார்த்துக்கொள்ளும் இடம். போவோம் என்று முடிவெடுத்தது அவர். கையெழுத்து வைத்தது நான். கையெழுத்தை ஒழுங்காகத்தான் வைத்தேன். வெளியே வந்து செருப்பைப் போடத்தான் முடியவில்லை. எந்தக் காலுக்கு எது என்று தெரியாமல் படியிலேயே நின்றேன்.

நீங்கள் வர வேண்டும். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்.

உங்கள் மருமகள்
சர்மிளா

•

கோண்டாவில்
17.05.2024

சர்மிளாவுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. நீர் சொன்னபடி உட்கார்ந்துதான் வாசித்தேன். வாசித்து முடித்தபின் எழும்பத்தான் முடியவில்லை.

சாவதற்கென்று ஒரு வீடு கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே என்னுடைய பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் எழுதியிருக்கிறீர். கையெழுத்து வைப்பதற்கு முன் பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்டீரா? நான் பெற்ற தம்பி முடிவெடுத்தான் என்கிறீர். நோவில் கிடக்கிறவன் எதைத்தான் சொல்லமாட்டான்? பக்கத்தில் இருக்கிறவர்கள்தான் திடமாக இருக்க வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தப் பிள்ளை தேறாது என்று மற்ற ஆசிரியர்கள் கைவிட்ட பிள்ளைகளையெல்லாம் என் வகுப்பில் எடுத்து வைத்திருந்தேன். ஒருவரையும் வெளியே விட்டதில்லை. என் சொந்தப் பிள்ளையை விடுவேனா?

தெல்லிப்பழையில் புற்றுநோய்க்கென்றே ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே வேலை செய்கிற ஒரு பிள்ளை என்னிடம் படித்தவள், அவளிடம் கதைத்துவிட்டேன். சுன்னாகத்தில் ஒரு சித்த வைத்தியர் இருக்கிறார், ஈரலுக்கு நல்ல மருந்து வைத்திருக்கிறாராம். சந்நிதி முருகனுக்கு நேர்த்தியும் வைத்திருக்கிறேன். இவ்வளவும் இங்கே இருக்க, அவன் ஏன் அங்கே கிடக்க வேண்டும்?

நீர் களைத்துப்போனீர் என்று விளங்குகிறது. வேலைக்கும் போய், நோயாளியையும் பார்ப்பது லேசானதில்லை. களைத்தால் சொல்லும், நான் பார்ப்பேன். அவனுடைய அறையைக் கூட்டி, கட்டிலுக்குப் புது மெத்தை போட்டு வைத்திருக்கிறேன். சத்துமாவும் இடித்தாயிற்று.

வருகிறேன். பார்த்துவிட்டுப் போவதற்கு அல்ல, ஏற்றிக்கொண்டு போவதற்கு.

இப்படிக்கு
ஆ. தவமணிதேவி

•

மாத்தளை
21.05.2024

அன்புள்ள மாமிக்கு,

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "ஒளிக்காதை" என்று எனக்குச் சொன்னவரிடம் நான் எப்படி ஒளிப்பது? சித்த வைத்தியர் வந்த இடத்தில் சிரித்தார். புது மெத்தை வந்த இடத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் களைத்துவிட்டேன் என்பது உண்மை. ஆனால் களைத்ததால் அவரை இங்கே கொண்டுவரவில்லை. அதை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் நான் எழுதி வைக்கிறேன்.

அவருடைய கட்டில் ஜன்னலோடு இருக்கிறது. வெளியே ஒரு பலாமரம், அதற்கு அப்பால் ரோட்டு. யாழ்ப்பாண பஸ் போகும் சத்தம் உள்ளே கேட்கும். மபாஸா என்று ஒரு தாதி இருக்கிறார், அக்குறணைப் பிள்ளை. நோவு தொடங்குவதற்கு முன்பே மோர்பினைக் கொடுத்துவிடுகிறார். முதல் நாள் நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, "மிஸ், சேருக்கு இப்ப நோவு இல்ல. நீங்க போய் மொகத்தக் கழுவிட்டு, ஒரு வாய் சாப்பிட்டு வாங்க. சேர் எங்கயும் போக மாட்டாரு" என்றார். திரும்பி வந்து பார்த்தால் இவர் நித்திரை. வாய் லேசாகத் திறந்திருக்க, ஒரு முனகல்கூட இல்லாமல். அப்படி ஒரு நித்திரையை நான் பார்த்து எவ்வளவோ காலம்.

இப்போது மத்தியானங்களில் ரேடியோச் செய்தி கேட்டு மந்திரிமாரை ஏசுகிறார். தன்னோடு வேலை செய்யும் நில அளவையாளர்கள் வந்தால், கிடந்தபடியே அவர்கள் வரைபடத்தில் பிழை பிடிக்கிறார். மாமி, இவர் இன்னும் உங்கள் மகனாகத்தான் இருக்கிறார். வீட்டில் கிடந்த நாட்களில் நோவு மட்டும்தான் இருந்தது, இவர் இருக்கவில்லை.

நான் காலையில் விவசாயக் கந்தோருக்கு வேலைக்குப் போய்விட்டுப் பின்னேரம் இங்கே வருகிறேன். போன கிழமை பல்லேபொலையில் ஒரு வீட்டில் மிளகுக் கொடி பார்க்கப் போனேன். அந்த வீட்டு அம்மாவுக்கு இவரைத் தெரியும், அவர்களுடைய காணியை அளந்தது இவர்தான். "ஐயா எப்படி?" என்று சிங்களத்தில் கேட்டார். நன்றாயிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை.  அடுத்த நாள் வேண்டுமென்றே திரும்பவும் அந்த வீட்டுக்குப் போனேன். "நேற்று பொய் சொன்னேன். அவர் சாகப் போகிறார். நான் அவரோடு இருக்கிறேன்" என்றேன்.  அந்த அம்மா என்னை உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்து பிளேன்டீ தந்தார். நான் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து மிளகு ஆய்ந்துகொண்டிருந்தார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்கிறேன். சொல்லச் சொல்ல எனக்கு முதுகு நிமிர்கிறது.

அதனால் உங்களுக்கும் உள்ளதைச் சொல்கிறேன். அவரை யாழ்ப்பாணத்துக்கு ஏற்ற விடமாட்டேன். அவ்வளவு தூரம் வாகனத்தின் குலுக்கலை அந்த உடம்பு தாங்காது. கோபம் என்றால் கோபத்தோடேயே வாருங்கள். ஆனால் இருக்க வாருங்கள்.

சர்மிளா

•

மாத்தளை
27.05.2024

அன்புள்ள மாமிக்கு,

நேற்று நீங்கள் இவருக்குத் தம்பி முறையான துஷாந்தையும் வான் வண்டியையும் கொண்டு வந்து, அறைக்குள் ஸ்ட்ரெச்சரை எடுக்கச் சொன்னபோது நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். "முடியாதுங்க மாமி" என்று உங்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகக் கத்தினேன். மற்றக் கட்டில்களில் இருந்தவர்கள் எல்லோரும் எழும்பிப் பார்த்தார்கள். கத்தியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மறித்ததற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

ஆனால் நான் எழுதுவது அதற்காக இல்லை. வானில் ஏறும்போது நீங்கள் என்னைப் பார்த்து, "என்ரை பிள்ளை தன்ரை வாயாலை 'வாறன் அம்மா' எண்டு சொன்னவன். நீர்தான் மறிச்சனீர். இந்தப் பாவம் உம்மைச் சும்மா விடாது" என்றீர்கள். வான் போன பிறகும் நான் வாசலிலேயே நின்றேன். நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பின்னேரம்தான் விளங்கியது.

அவர் குரல் இப்போது மிகவும் இறங்கிவிட்டது. நீங்கள் கட்டிலின் கால்மாட்டில் நின்றீர்கள். உங்களுக்கு அவருடைய உதடு மட்டும்தான் தெரிந்திருக்கும். அவர் சொன்னது "வாறன்" இல்லை, மாமி. "என்னைக் கொண்டு போகாதேங்கோ அம்மா. இஞ்சை எனக்கு நோகேல்லை. நீங்கள் இஞ்சை வாங்கோ" என்றார். வாங்கோ, வாங்கோ என்று இரண்டு தரம் சொன்னார். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே "ஓம் அப்பு, போவம்" என்று ஸ்ட்ரெச்சரைக் கூப்பிட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு, "அம்மாவுக்குக் கேட்கவில்லை போல" என்றேன் அவரிடம். "எனக்குத் தெரியும். சத்தம் போட என்னாலை ஏலாமல் போச்சு" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்தால் தண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் துடைத்தேன். நேற்றிலிருந்து சாப்பாடு இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை.

என்னை நம்ப வேண்டாம். துஷாந்தைக் கேளுங்கள், அவர் தலைமாட்டில்தான் நின்றார்.

அவரால் இனிச் சத்தம் போட முடியாது. அதனால் அவருக்காக நான் எழுதுகிறேன்: வாங்கோ.

சர்மிளா

•

கோண்டாவில்
31.05.2024

சர்மிளாவுக்கு,

துஷாந்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஓம் பெரியம்மா. அண்ணை வாங்கோ எண்டுதான் சொன்னவர்" என்றான். "அண்டைக்கே ஏன்ரா சொல்லேல்லை?" என்று கேட்டேன். "கிளிநொச்சி வருமட்டும் நீங்கள் அழுதுகொண்டு வந்தனீங்கள். எப்பிடிச் சொல்லுறது?" என்றான். அவனை ஏச எனக்கு வாய் வரவில்லை.

பிள்ளையின் முகத்தைப் பார்த்தும் என்ன சொல்கிறான் என்று தெரியாமல் போயிற்றே. அதை நினைத்துக்கொண்டு இருக்கிறேன்.

உமக்கு ஒன்று சொல்ல வேண்டும். தம்பியின் அப்பாவைப் பற்றி. கொரோனாக் காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்ததும், மூச்சு இழுத்ததும் உமக்குத் தெரியும். ஊரடங்கு, நீங்கள் இரண்டு பேரும் வர முடியாமல் மாத்தளையில். முகம் தெரியாமல் உடுத்துக்கொண்டு வந்தவர்கள் அவரை அம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஏறும்போது, "தவம், என்ரை கண்ணாடியைத் தா" என்றார். நான் உள்ளே ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வர, வாகனம் வீட்டு ஒழுங்கையால் ரோட்டுக்குத் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு நான் கண்டது பெட்டி. திறக்க விடவில்லை. உள்ளே இருந்தது அவர்தானா என்றுகூட எனக்குத் தெரியாது. சுடலைக்கு வெளியே ரோட்டில் நின்று புகையைத்தான் பார்த்தேன். ஆறுமுகநாதன் என்ற மனுசனோடு அவ்வளவு காலம் சீவித்ததற்கு அவ்வளவுதான் கிடைத்தது.

ஆகையால் ஓரிடத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருக்கிறோம் என்று எவர் சொன்னாலும் எனக்குக் கதவு பூட்டுகிற சத்தம்தான் கேட்கிறது. காது கேட்காதவளுக்கு அது மட்டும் கேட்கிறது. நீர் அன்று கதவை மறித்து நின்றபோது எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை.

இனியும் என்னால் அங்கே வர முடியுமோ தெரியாது. ஏற்றிக்கொண்டு வரலாம் என்றிருந்தபோது தைரியம் இருந்தது. சும்மா பக்கத்தில் இருந்து அவன் போவதைப் பார் என்றால், அந்தத் தைரியம் எனக்கு இல்லை. பெற்றவளுக்கு இது இல்லையா என்று நீர் நினைக்கக்கூடும். நினையும். அவனைக் கவனமாகப் பாரும். நீர் பார்க்கிறீர் என்று துஷாந்தும் சொன்னான்.

தவமணிதேவி

•

மாத்தளை
04.06.2024

அன்புள்ள மாமிக்கு,

நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு, ஹொஸ்பிஸின் வாசலில் நின்று பார்த்தேன். இங்கே கதவுகளைப் பூட்டுவதில்லை. முன்கதவைக் காலையிலேயே அகலத் திறந்துவிடுவார்கள். உறவுக்காரர் தங்குவதற்குக் கட்டிலோடு கட்டில் போடுகிறார்கள். கண்ணாடி மறந்தால் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுக்கலாம், மாமி. ஒரு வாகனமும் போய்விடாது.

உங்களுக்குத் தைரியம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இருக்கிறது என்று யார் சொன்னது? இரத்தோட்டையிலிருந்து என் அம்மா வந்து போகும்போது, "ஒனக்குக் கல்லு மனசுடி" என்று மெச்சிவிட்டுப் போகிறார். பலாபத்வலைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், அறைக்குப் போகும்வரை என் கால் பின்னுக்கு இழுக்கிறது. ஒவ்வொரு நாளும் இழுக்கிறது. கட்டில் வெறுமையாய் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போகிறேன். தைரியம் வந்த பிறகு போகலாம் என்று நான் காத்திருந்தால் இன்னும் அந்தச் சந்தியில்தான் நிற்பேன். அதனால் கால் இழுத்தாலும் போகிறேன். போய் அவரைக் கண்டதும் அது நின்றுவிடுகிறது. வெளியே இருக்கும்போதுதான் பயம். உள்ளே வேலை இருக்கிறது.

என்ன வேலை என்று கேட்பீர்கள். உதடு காய்ந்துவிடும், பஞ்சு நனைத்துத் தடவ வேண்டும். முதுகு புண்ணாகாமல் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். கால் வீங்கியிருக்கிறது, தலையணை வைத்து உயர்த்த வேண்டும். இதெல்லாம் எனக்கு மபாஸா சொல்லித் தந்தவை. ஆனால் எனக்கு ஏலாத ஒன்று இருக்கிறது. அவர் இப்போது அரைத் தூக்கத்தில் சின்ன வயதுக் கதைகளாகச் சொல்கிறார். யாரோ ஒரு வேலுப்பிள்ளை வாத்தியாரின் சைக்கிளைக் கிணற்றுக்குள் போட்டார்களாம். "பிறகு என்ன நடந்தது?" என்று என்னைக் கேட்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? "அம்மாவுக்குத் தெரியும்" என்று அவரே சொல்லிக்கொள்கிறார்.

நேற்று மபாஸா, "சேர், ஒங்கட உம்மா எப்ப வாறாங்க?" என்று கேட்டார். "அம்மா வந்தால் கவனமா இருங்கோ. உங்கள் எல்லாரையும் வகுப்புக்கு வெளியில நிப்பாட்டிப்போடுவா" என்றார் இவர். நீண்ட நாளைக்குப் பிறகு அந்த அறையில் எல்லோரும் சிரித்தார்கள்.

டொக்டர் இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நாட்கள் குறைந்துவிட்டன. நீங்கள் அதைப் பார்க்க வேண்டி வரும் என்று பயப்படுகிறீர்கள். பார்க்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்று உங்களைவிடத் தெரிந்தவர் இல்லை.

உங்களுக்குக் கட்டில் போடச் சொல்லிவிட்டேன். கேட்காமல் செய்ததற்கு ஏச வேண்டுமென்றால் நேரில் வந்து ஏசுங்கள்.

சர்மிளா

•

கோண்டாவில்
07.06.2024

சர்மிளா,

நாளைக் காலை பஸ்ஸில் வருகிறேன். இந்தக் கடிதத்தை இன்று போகும் பஸ்ஸின் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். துஷாந்த் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பலாபத்வலைச் சந்தியில் நீர் நின்றால் போதும். அங்கிருந்து உள்ளே போகும்போது என் கையைப் பிடித்துக்கொள்ளும். உமக்கும் கால் இழுக்கும் என்றீர், இரண்டு பேருமாகப் போவோம்.

என்னுடைய கட்டிலை அவனுடைய தலைமாட்டோடு போடச் சொல்லும். இனிக் கால்மாட்டில் நிற்கமாட்டேன்.

சைக்கிளைக் கிணற்றுக்குள் போட்டது அவன்தான். அடியும் வாங்கினான். அதை நானே வந்து சொல்கிறேன்.

தவமணிதேவி

•

கோண்டாவில்
25.08.2024

அன்புள்ள சர்மிளாவுக்கு,

காரியமெல்லாம் முடித்து உன்னோடு இருந்துவிட்டு நான் ஏறிய பஸ் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. துஷாந்த் வந்து கூட்டிக்கொண்டு போனான். நீ கட்டித் தந்த சாப்பாட்டை வவுனியாவில் சாப்பிட்டேன். வீடு தூசி பிடித்துப்போய்க் கிடந்தது. இரண்டு நாள் கூட்டித் துடைத்தேன். தம்பிக்கென்று போட்ட புது மெத்தையில் இப்போது நான்தான் படுக்கிறேன். முதலில் ஏலாது என்று நினைத்தேன். பிறகு, வாங்கியதை என்ன செய்வது என்று படுத்துவிட்டேன்.

சனம் வந்துகொண்டிருக்கிறது. ஒரு பொம்பிளை சுடலைக்குப் போய்க் கொள்ளி வைக்கலாமா, துஷாந்த் இருந்தானே என்று கேட்கிறார்கள். வைக்கச் சொன்னது நான்தான் என்று எல்லோருக்கும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். "கடைசி வரைக்கும் பாத்தவள் அவள். அவள் வைக்காமல் வேறை ஆர் வைக்கிறது?" என்று கேட்டேன்.  உன் காதுக்கு வேறு விதமாக ஏதும் வந்தால் நம்பாதே.

பின்னேரங்களில் அந்த அறைதான் ஞாபகம் வருகிறது. அவனுக்கு ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான். முதல் நாள் உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பஞ்சு நனைக்கத் தெரியாமல் நான் அவன் கழுத்தெல்லாம் தண்ணீர் ஊற்ற, நீ துவாயை எடுத்துத் தந்தாய். அவன் போன அந்தக் காலையும் ஞாபகம் வருகிறது. எனக்கு அவன் மூச்சு நின்றது கேட்கவில்லை. நான் அவனுக்கு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ என்னைத் தடுக்கவில்லை. நான் சொல்லி முடித்து நிமிர்ந்து பார்த்த பிறகுதான் தலையை அசைத்தாய். உன் முகத்தைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டேன். என்னைச் சொல்லி முடிக்க விட்டாயே, அதை நான் மறக்கமாட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வயது போய்விட்டது. இன்றைக்குச் சுகமாகத்தான் இருக்கிறேன், பயப்படாதே. ஆனால் ஒருநாள் வரும். லண்டனில் இருக்கும் மகளுக்கு நேற்று உரத்துக் கதைத்துச் சொன்னேன், துஷாந்துக்கும் சொன்னேன்: என்னைக் குழாய்களுக்குள் விட்டுவைக்கக் கூடாது, தெரியாத கதவுக்குப் பின்னால் கொண்டுபோகக் கூடாது. எது செய்வது, எது விடுவது என்று முடிவெடுக்கிறது சர்மிளா. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மகள், "அம்மா, அண்ணியோ?" என்று கேட்டாள். ஓம், அண்ணிதான் என்றேன். அந்தப் பிள்ளைக்குக் கதவை மறிக்கவும் தெரியும், திறந்து வைக்கவும் தெரியும் என்றேன்.

உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். சம்மதமா என்று எழுது. நெடுக இழுத்து உனக்குக் கரைச்சல், தொல்லை தராமல், சட்டென்று போய்விட வேண்டும் என்றுதான் சந்நிதியானைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. வீட்டில் தனியாக இருக்கிறாய், கதவைப் பூட்டிக்கொண்டு படு.

அன்புடன்
மாமி

•

மாத்தளை
01.09.2024

அன்புள்ள மாமிக்கு,

உங்கள் கடிதத்தைக் கந்தோரில் வைத்துத்தான் பிரித்தேன். வாசித்துவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்து, திரும்ப வந்து மறுபடியும் வாசித்தேன்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். பல்லேபொலையில் மிளகு நன்றாகக் காய்த்திருக்கிறது. வீட்டுக்கு வந்தால் இப்போதும் இரண்டு பேருக்குத்தான் அரிசி போடுகிறேன். மிச்சத்தை மக்கீன் நானாவின் வீட்டுக் கோழிகளுக்குப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து அழுவேன். அழுது முடித்துப் பாத்திரம் கழுவுவேன். இப்படியே போகிறது. ஆனால் போகிறது, மாமி.

பலாபத்வலையில் பஸ் நிற்கும்போது முதலில் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். போன சனிக்கிழமை இறங்கி உள்ளே போனேன். அவருடைய கட்டிலில் யாரோ ஒரு வயதான ஐயா. அவருடைய மகள் படியில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அது என்னவென்று தெரியும். பக்கத்தில் போய் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் உள்ளே போனோம்.

நீங்கள் கேட்டதற்கு என் பதில்: சம்மதம். உங்கள் மகளிடமும் நானே போனில் கதைத்துவிட்டேன். அவர் அழுதார். பிறகு, "அண்ணி, அப்ப நான் உங்களிட்டைத்தான் கேட்டுக்கொண்டிருப்பன்" என்றார். கேட்கச் சொன்னேன். அடுத்த மாதம் லீவு எடுத்துக்கொண்டு கோண்டாவிலுக்கு வருகிறேன். உங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது, யார் பக்கத்தில் இருக்க வேண்டும், யாரை உள்ளே விடக் கூடாது, எல்லாவற்றையும் வாய் திறந்து சொல்ல வேண்டும். நல்லாத்தான் இருக்கிறன் என்று கையைக் காட்டினால் விடமாட்டேன்.

சந்நிதியானிடம் வைத்த அந்த வேண்டுதலை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். சட்டென்று போக வேண்டாம். கரைச்சல் தாருங்கள், மாமி. என்னால் பார்க்க முடியும். ஆறுதலாக, மெல்ல மெல்லப் போகலாம்.

உங்கள்
சர்மிளா